எம்.சி.பி. இருக்கே, அப்புறம் எப்படி ஷாக் அடித்தது?

போன வாரம் ஒரு வீட்டுக்காரர் போன் செய்தார். "எம்.சி.பி. கெட்டுப்போச்சு தம்பி, வந்து வேற மாத்திக் கொடுங்க" என்றார். எம்.சி.பி. என்பது கரண்ட் அளவுக்கு மீறி ஓடினால் தானே அணைந்துவிடும், அதாவது ட்ரிப் ஆகும், சுவிட்ச். என்ன ஆச்சு என்று விசாரித்தேன். கீசரில் தண்ணீர் சூடாகவில்லை. வீடியோ பார்த்துவிட்டுத் தானே எலிமெண்ட் (தண்ணீரைச் சூடாக்கும் கம்பி) மாற்ற இறங்கியிருக்கிறார். சுவரிலிருந்த சுவிட்சை அணைத்து, ஸ்டூல் மேல் ஏறி, மூடியைக் கழற்றி உள்ளே கை வைத்ததும் தூக்கி எறிந்திருக்கிறது. விழுந்த வேகத்தில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் போட்ட கையோடு அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "எம்.சி.பி. இருக்கே, ஏன் ட்ரிப் ஆகலை?"

போய்ப் பார்த்தேன். எம்.சி.பி. நன்றாகவே வேலை செய்தது. இந்த மாதத்தில் இதே கேள்வி என் காதில் விழுவது மூன்றாவது தடவை. வீட்டு வேலையைத் தானே செய்துகொள்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த ஒரு தப்பெண்ணத்தை மனதில் வைத்துக்கொண்டு தயவுசெய்து ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்காதீர்கள்.

எம்.சி.பி. இருப்பது ஒயருக்காக. ஒயர் சூடேறித் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. உங்களைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 230 வோல்ட் லைனைத் தொட்டபடி ஈரத் தரையில் நிற்கும் ஒருவர் உடம்பில் சுமார் 0.2 ஆம்பியர் பாயலாம். பழைய 40 வாட் குண்டு பல்பு ஒன்று எடுப்பதே கிட்டத்தட்ட 0.17 ஆம்பியர். அந்த அளவுக்கே எம்.சி.பி. ட்ரிப் ஆகும் என்றால் வீட்டில் ஒரு விளக்காவது எரியுமா? ஆனால் 0.1 ஆம்பியர் ஒன்றிரண்டு நொடி மார்பு வழியாகப் போனாலே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போய்விடலாம். 0.01 ஆம்பியரைத் தாண்டினாலே தசை இறுகி, பிடித்த ஒயரைக் கை விடாது. 16 ஆம்பியர் எம்.சி.பி.யோ 23 ஆம்பியர் ஓடினால்கூட ஒரு மணி நேரம் வரை பொறுத்திருக்கலாம். அதன் தர விதியே அப்படித்தான். வீடுகளில் அதிகம் போடும் சி வகை என்றால் சட்டென்று ட்ரிப் ஆக 80 முதல் 160 ஆம்பியர் வரை பாய வேண்டும். நீங்கள் துடித்துக்கொண்டிருக்கும்போது அதன் கணக்கில் கூடுதலாக ஒரு பல்பு எரிகிறது, அவ்வளவுதான்.

"நல்ல கம்பெனி எம்.சி.பி. போட்டிருக்கேன்" என்பார்கள். எந்தக் கம்பெனி ஆனாலும் இதேதான். "புதுசா மாத்தினது" என்பார்கள். புதுசும் இதேதான். இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது.

மனிதருக்காக இருப்பது ஆர்.சி.சி.பி. என்ற இன்னொரு சுவிட்ச். ஃபேஸ் ஒயரில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரல் ஒயரில் திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர், அதாவது 0.03 ஆம்பியர் குறைந்தாலே அதிகபட்சம் 0.3 நொடிக்குள் துண்டித்துவிடும். வாங்கும்போது அதன் முகப்பில் 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 100, 300 என்று போட்டவை தீ விபத்தைத் தடுப்பதற்கானவை. அவற்றை நம்பிக் கை வைக்க முடியாது. 30 போட்டிருந்தாலும் அதற்கும் எல்லை உண்டு. ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று இரண்டையும் சேர்த்துத் தொட்டால், உங்களை ஒரு பல்பு என்றுதான் அது நினைக்கும். கரண்ட் கசியாதவரை அதற்கு எல்லாம் சரிதான்.

இன்னொரு கொடுமை, "சும்மா சும்மா ட்ரிப் ஆகுது" என்று சொல்லி ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி நேராக ஒயரை இணைத்துவிடுவது. சும்மா எதுவும் ட்ரிப் ஆகாது. எங்கோ கசிகிறது. ஒவ்வொரு லைனாக அணைத்துப் பார்த்தால் எந்த லைன் என்று பெரும்பாலும் அரை மணி நேரத்தில் பிடித்துவிடலாம்.

சரி, அந்தக் கீசருக்கு வருகிறேன். சுவிட்ச் அணைந்திருந்தும் ஷாக் அடித்ததற்குக் காரணம், எப்போதோ யாரோ வயரிங் செய்தபோது சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருந்ததுதான். பிளக்கும் கிடையாது, சுவரிலிருந்து நேரே இழுத்துக் கொடுத்திருந்தார்கள். சுவிட்சை அணைத்தால் கீசர் நிற்கும். ஆனால் எலிமெண்டின் இரண்டு முனையிலும் ஃபேஸ் அப்படியே உட்கார்ந்திருக்கும். நான் டெஸ்டரை வைத்ததும் சிவப்பாக மின்னியது. அவர் முகம் வெளிறிவிட்டது. இப்படி மாறிப்போன சுவிட்சுகளை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். விளக்கு, ஃபேன், கீசர் எதுவாக இருந்தாலும் நன்றாகவே ஓடும் என்பதால் வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது. ஆகவே சுவர் சுவிட்சை நம்பாதீர்கள். மெயினை அணையுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள். மெயினை அணைத்த மறு நொடியே அது உயிர் கொடுத்துவிடும். இன்வெர்ட்டர் லைன் ஆர்.சி.சி.பி.க்கு வெளியே ஓடும் வீடுகளும் உண்டு.

டெஸ்டரிலும் கவனம் தேவை. "டெஸ்டர் எரியலை, அதான் தொட்டேன்" என்று ஒருவர் சொன்னார். டெஸ்டர் எரியாததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம்: உள்ளிருக்கும் நியான் கெட்டிருக்கலாம், வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், காய்ந்த மர ஸ்டூலில் ரப்பர் செருப்போடு நின்றால் மங்கிவிடலாம். முதலில் கரண்ட் இருப்பது உறுதியான ஒரு சாக்கெட்டில் வைத்துப் பாருங்கள். எரிந்தால் வேலை செய்யப்போகும் இடத்தில் வைத்துப் பாருங்கள். திரும்பவும் அதே சாக்கெட்டில் ஒரு தடவை. இருபது வருடம் இந்தத் தொழிலில் இருப்பவர்களும் இதைச் செய்துவிட்டுத்தான் கை வைப்பார்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது, எம்.சி.பி. அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 போடுபவர்கள்மேல்தான். ட்ரிப் ஆவது நின்றுவிடும், உண்மைதான். சுவருக்குள் ஓடும் ஒயர் அதே பழைய ஒயர்தானே? ஒரு வீட்டில் அப்படி மாற்றியிருந்த லைனின் சாக்கெட்டைத் திறந்தேன். பின் செருகும் துளைகளைச் சுற்றிப் பழுப்பு நிறம், உள்ளே ஒயரின் மேலுறை கருகிச் சுருண்டு, விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. மீன் வாடை போல ஒரு நாற்றம். அந்த அறையில் இரண்டு குழந்தைகள் தூங்குகிறார்கள். ஒயர் தாங்கும் அளவைப் பார்த்துத்தான் எம்.சி.பி. போட வேண்டும். பெரிய எம்.சி.பி. வேண்டும் என்றால் முதலில் தடிமனான ஒயர் இழுக்க வேண்டும். வேறு வழியே இல்லை.

பெரிய சாமான்கள் அரை மணி ஓடியதும் பிளக்கைக் கழற்றி, பின்களின் பக்கமுள்ள பிளாஸ்டிக்கைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, அல்லது சாக்கெட் போய்விட்டது. அன்றே பார்த்துவிடுங்கள்.

மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டாதீர்கள், கழற்றாதீர்கள். சாமானின் உடம்பில் கரண்ட் இறங்கினால் போக ஒரு வழி வேண்டாமா? எர்த் இல்லாவிட்டால் அந்த வழி நீங்கள்தான். முறுக்கி டேப் சுற்றிய ஒயரைச் சுவருக்குள் வைத்து மூடாதீர்கள். ஈரக் கையோடு, ஈரத் தரையில் நின்று எதையும் திறக்காதீர்கள். லைன் பக்கத்தில் அலுமினிய ஏணி வேண்டாம். மைக்ரோவேவ் அடுப்பைத் திறக்கவே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவுக்குச் சார்ஜ் நின்றிருக்கலாம். யாரையாவது கரண்ட் பிடித்துக்கொண்டால் பதறி ஓடிப்போய்த் தொடாதீர்கள், முதலில் மெயினை அணையுங்கள். ஷாக் அடித்துத் தப்பியவர் "நல்லாத்தான் இருக்கேன்" என்றாலும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பல்பு மாற்றுவது, பிளக் மாற்றுவது, மெயினை அணைத்துவிட்டு ஃபேன் துடைப்பது, இதெல்லாம் தாராளமாகச் செய்யுங்கள். சந்தேகம் என்றால் உங்கள் எலக்ட்ரீஷியனை ஒரு போன் செய்து கேளுங்கள். கேட்டதற்காக எங்களில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

அந்த வீட்டில் சுவிட்சை ஃபேஸுக்கு மாற்றினேன், கீசருக்குப் பிளக் போட்டேன், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் பொருத்தினேன். அவர் மனைவியைக் கூப்பிட்டு டெஸ்ட் பட்டனை அமுக்கச் சொன்னேன். டக் என்று விழுந்தது, ஃப்ரிட்ஜ் சத்தம் நின்றது. "இதை எப்பவெல்லாம் அமுக்கணும்?" என்று கேட்டார். மாதம் ஒரு தடவை என்றேன். அமுக்கியும் விழவில்லை என்றால் அது வெறும் பிளாஸ்டிக், அன்றே மாற்றிவிட வேண்டும் என்றும் சொன்னேன். ஒரு துண்டுக் காகிதத்தில் அன்றைய தேதியை எழுதி டி.பி. (எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டி) கதவின் உள்பக்கம் ஒட்டினார். எலிமெண்ட் பெட்டி இன்னும் பிரிக்காமல் அங்கேயே இருந்தது. கை கூடியதும் தானே போட்டுக்கொள்வதாக அவர் சொன்னார். பிளக்கைப் பிடுங்கிக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.