சந்தை இறங்கும்போதெல்லாம் நின்றுபோகும் ஓய்வூதியச் சந்தா

கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் 47 வயதுக்காரர் ஒருவர், தம்முடைய தேசிய ஓய்வூதியத் திட்டக் கணக்கு அறிக்கையை அச்சிட்டு எடுத்துக்கொண்டு சென்ற வாரம் என்னிடம் வந்தார். மொத்த மதிப்பைச் சிவப்பு மையால் இரண்டு முறை சுழித்திருந்தார். கட்டிய பணத்துக்குக் கிடைத்த அலகுகளின் (யூனிட்டுகளின்) எண்ணிக்கையும் அதே தாளில் இருந்தது, அதை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. சந்தை சரிந்த 2020 மார்ச்சில் சந்தாவை நிறுத்தி, பங்குகளில் இருந்த தொகை முழுவதையும் அரசுக் கடன் பத்திரங்களுக்கு மாற்றியிருக்கிறார். 2024 செப்டம்பரில் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி 26,000 புள்ளிகளைத் தாண்டியபோது மீண்டும் பங்குகளுக்கு வந்து, 2025 மார்ச்சில் அது 22,000 அளவுக்கு இறங்கியதும் திரும்பவும் நிறுத்திவிட்டார். "நம்ம காசை ஷேர்ல போட்டு அழிச்சிட்டாங்க சார்" என்றார். இந்த ஆண்டில் இதே கதையோடு வந்த நான்காவது ஆள் அவர்.

யாரும் எதையும் அழிக்கவில்லை. மாதம் 3,000 ரூபாய் கட்டுகிறீர்கள், ஓர் அலகின் விலை 24 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த மாதம் உங்களுக்கு 125 அலகுகள் கிடைக்கும். விலை 16 ரூபாய்க்கு இறங்கினால் அதே 3,000 ரூபாய்க்கு 187 அலகுகளுக்கு மேல் கிடைக்கும். ஏற்கெனவே சேர்ந்த அலகுகளில் ஒன்றுகூடக் குறைவதில்லை. 13 ஆண்டுகள் கழித்து ஓய்வு பெறப்போகிறவருக்கு இன்றைய விலை வாங்கும் விலைதானே தவிர, விற்கும் விலை அன்று. 2020 மார்ச் 23 அன்று 7,610 புள்ளிகளில் முடிந்த நிஃப்டி, அதே ஆண்டு நவம்பரில் பழைய உச்சத்தைக் கடந்தது. ஆனால் இறக்கத்தில் பங்கிலிருந்து வெளியேறி உச்சத்தில் திரும்பியவருக்கு, இடையில் இருந்த ஏற்றம் முழுவதும் கைநழுவிப்போனது.

அவநம்பிக்கைக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2001 ஜூலையில் யூனிட் டிரஸ்ட் என்ற பரஸ்பர நிதி நிறுவனம், யூ.எஸ்.-64 என்ற தன் முதலீட்டுத் திட்டத்தில் பணம் திருப்பித் தருவதை நிறுத்திவைத்ததை நம் பெற்றோர் தலைமுறை இன்னும் மறக்கவில்லை. ஆனால் அங்கே நடந்தது என்ன? கையிருப்புச் சொத்தின் உண்மை மதிப்பு சரிந்துகொண்டிருந்தபோதும், நிர்வாகம் தானே நிர்ணயித்த உயர்ந்த விலையை அறிவித்துக்கொண்டிருந்தது. முதலீட்டாளர்கள் இறக்கத்தைப் பார்க்கவில்லை, அதனால் நம்பினார்கள். தேசிய ஓய்வூதியத் திட்டத்திலோ, ஒவ்வொரு நாளும் சந்தை முடிந்ததும் அலகு மதிப்பு வெளியிடப்படுகிறது. சொத்துகள் நிதி மேலாண்மை நிறுவனத்தின் உடைமையாக இல்லாமல், அறக்கட்டளையின் பெயரில் தனியாக இருக்கின்றன. இறங்கும் எண் கண்ணுக்குத் தெரிவது குறையன்று, அது இத்திட்டத்தின் நேர்மை. வீட்டு மனையின் விலையைத் தினமும் யாரும் அச்சிட்டுத் தருவதில்லை என்பதாலேயே, அது இறங்குவதே இல்லை என்று நம்புகிறோம்.

பொருளாதாரச் சுழற்சி உண்மையில் அடிக்கும் இடம் வேறு. ஓய்வு பெறும்போது சேமிப்பின் ஒரு பகுதியைக் கொண்டு ஆன்யுட்டி, அதாவது மொத்தத் தொகையைக் கட்டி வாழ்நாள் முழுவதும் தவணையாகப் பெறும் ஓய்வூதியம், வாங்க வேண்டும், அதன் விகிதம் வாங்கும் நாளிலேயே பெரும்பாலும் வாழ்நாளுக்கும் உறுதியாகிவிடும். 10 லட்சம் ரூபாய்க்கு 6 சதவீதம் என்றால் மாதம் 5,000 ரூபாய், 7 சதவீதம் என்றால் ஏறத்தாழ 5,830 ரூபாய். வட்டி அடிமட்டத்தில் இருந்த 2021-இல் அவசரப்பட்டு வாங்கியவர்கள் அந்தக் குறைந்த தொகையிலேயே நிற்கிறார்கள். சில ஆண்டுகள் தள்ளிவைக்க விதிகள் இடம் தருகின்றன என்பதை, விற்க வந்தவர் அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டாமா?

எனவே, சந்தை இறங்கிய செய்தியைப் பார்த்த வாரத்தில் கணக்கில் எதையும் மாற்றாதீர்கள். பங்கு முதலீட்டின் அளவை வயதைப் பார்த்துத் தீர்மானியுங்கள், தொலைக்காட்சியைப் பார்த்து அல்ல. வயதுக்கேற்ப முதலீட்டைத் திட்டமே மாற்றியமைக்கும் தானியங்கித் தேர்வின் மிதமான பிரிவில், 35 வயது வரை 50 சதவீதமாக இருக்கும் பங்கு முதலீடு, படிப்படியாகக் குறைந்து 55 வயதில் 10 சதவீதமாகிறது. தாமே பார்த்துக்கொள்ள முடியாதவர்களுக்கு அது போதும். 58 வயதிலும் 75 சதவீதத்தைப் பங்கில் வைத்திருப்பவர்தான் பயப்பட வேண்டியவர், அப்படிப்பட்டவர்களோ என்னிடம் வருவதே இல்லை. குடும்பத்தில் இன்னொருவருக்கு நிரந்தர ஓய்வூதியக் கணக்கு எண்ணைத் தெரியப்படுத்துங்கள், வாரிசுதாரர் பெயரைச் சரிபாருங்கள்.

நூற்பாலைக்காரர் தம் அறிக்கையில் அலகுகளின் எண்ணிக்கையைப் பென்சிலால் சுழித்துக்கொண்டு போயிருக்கிறார். சந்தாவை மீண்டும் தொடங்குவதாக இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை. அடுத்த மாதச் சம்பளம் வந்ததும் ஒருமுறை வாருங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.