டிசைன்: தோற்றமா, வடிவமைப்பா?

ஆண்டுதோறும், பெரும்பாலும் செப்டம்பர் மாதத்தில், ஆப்பிள் நிறுவனம் புதிய ஐபோனை அறிமுகப்படுத்தியதும், ‘இந்த முறையும் அதே டிசைன்தானா?’ என்ற கேள்வி எழுவது வாடிக்கையாகிவிட்டது. புதிய டிசைன் வேண்டும் என்பார் ஒரு சாரார். நன்றாக இருப்பதை எதற்காக மாற்ற வேண்டும் என்பார் மறு சாரார். இரு சாராரும் ஒரே சொல்லை ஆண்டாலும், முதல் சாரார் பெரும்பாலும் கைபேசியின் தோற்றத்தையும், மற்றவர் அதன் உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தி இயங்கும் முறையையும் மனத்தில் வைத்துப் பேசுவதால், ஒருவர் கூற்றுக்கு மற்றவர் கூற்று விடையாக அமைவதே இல்லை. தமிழில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. அவற்றை விட்டுவிட்டு எல்லாவற்றையும் டிசைன் என்று சொல்லப் பழகியதால், விவாதம் இன்னும் சிக்கலாகிறது.

தமிழ்ப் பேச்சில் டிசைன் என்பது முதன்மையாகத் துணிக்கடைச் சொல். ‘இதே டிசைனில் வேறு கலர் இருக்கிறதா?’ என்று கேட்பவர் புடவையின் பூவேலையையோ கட்டத்தையோ கரையையோ குறிக்கிறாரே தவிர, ஊடும் பாவும் சேர்ந்த முறையைக் குறிப்பதில்லை. காஞ்சிபுரம் பட்டில் மயில்கண், குயில்கண், ருத்ராட்சம், கோபுரக்கரை, பாலும் பழமும் கட்டம் என ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இருக்க, அவை அனைத்துக்கும் பொதுப்பெயராக டிசைன் வந்து அமர்ந்துகொண்டது. நகை, கோலம், மருதாணி ஆகியவற்றுக்கும் அது பரவியது. ‘டிசைன் டிசைனாகப் பொய் சொல்கிறான்’ என்னும்போது அதற்கு ‘விதவிதமாக’ என்பதற்கு மேல் பொருளே இல்லை. ஆக, நம் வழக்கில் இச்சொல் மேற்பரப்பிலேயே தங்கிவிட்டது. கைபேசியைப் பற்றிப் பேசும்போதும் அந்தத் துணிக்கடைப் பொருளே கூட வருகிறது.

சொல்லின் பிறப்பு வேறு. இலத்தீனில் ‘சிக்னும்’ என்றால் குறி, அடையாளம். அதன் அடியாகப் பிறந்த ‘டெசிக்னாரே’ என்னும் வினைக்குக் குறியிட்டுக் காட்டுதல், வரையறுத்தல் என்பன பொருள். இத்தாலியில் அதிலிருந்து கிளைத்த சொல், கையால் வரையும் ஓவிய வரைவையும் அவ்வரைவுக்கு முன் மனத்தில் உருவாகும் கருத்தையும் ஒருங்கே குறித்தது. பிளாரன்ஸ் நகரில் 1563இல் நிறுவப்பட்ட கலைக்கழகம் தன் பெயரிலேயே அச்சொல்லைத் தாங்கியிருந்தது. ஓவியம், சிற்பம், கட்டடம் ஆகிய மூன்று கலைகளுக்கும் அதுவே தாய்வேர் என்பது அவர்கள் கொள்கை. பிரெஞ்சு மொழி இந்த இரு பொருளையும் பிரித்து, ஒலிப்பில் ஒன்றாகவும் எழுத்தில் வேறாகவும் இரண்டு சொற்களை ஆக்கிக்கொண்டது: ஒன்று வரைபடம், மற்றொன்று நோக்கம். ஆங்கிலம் பிரிக்காமல் ஒரே சொல்லில் வைத்துக்கொண்டது. இன்றைய குழப்பத்தின் வித்து அங்கேதான் இருக்கிறது.

ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குச் சதி என்ற பொருளும் உண்டு. தமிழில் ‘சூழ்ச்சி’ நடந்த பாதையும் இதுவே. ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்னும் குறளில் (671) அது ஆராய்ந்து திட்டமிடுதல் என்னும் நல்ல பொருளில்தான் நிற்கிறது. பின்னாளில்தான் வஞ்சகத் திட்டத்துக்கு உரியதாயிற்று.

சட்டத்துறை இந்தச் சொல்லைத் தன் தேவைக்கேற்பக் குறுக்கிக்கொண்டது. இந்தியாவின் 2000ஆம் ஆண்டு வடிவமைப்புகள் சட்டம், ஒரு பொருளின் வடிவம், அமைவு, கோலம், அணிவேலை, கோடுகளும் நிறங்களும் சேர்ந்த சேர்க்கை ஆகியவற்றுள், முடிவுற்ற பொருளில் கண்ணால் மட்டுமே மதிப்பிடத்தக்க கூறுகளையே இச்சொல் குறிக்கும் என்று வரையறுக்கிறது. கட்டுமான முறையையும் வெறும் இயந்திர அமைப்பையும் அது வெளிப்படையாகவே விலக்குகிறது. சட்டத்தின் பெயரில் உள்ள சொல்லை நாம் ‘வடிவமைப்பு’ என்று மொழிபெயர்க்கிறோம். ஆனால் உள்ளே பேசப்படுவது தோற்றம்தான்.

அமெரிக்கச் சட்டத்திலும் தோற்றத்துக்கான காப்புரிமை வேறு, செயற்பாட்டுக்கான காப்புரிமை வேறு. ஆப்பிள் 2011இல் சாம்சங் மீது தொடுத்த வழக்கில் முன்னிறுத்தப்பட்டவற்றுள் ஐபோனின் முகப்புக் கண்ணாடி, வளைந்த மூலைகள், திரையில் செயலிகளின் சிறு சின்னங்கள் கட்டம் கட்டமாக நிற்கும் காட்சி ஆகியவை முக்கியமானவை. ஆகஸ்ட் 2012இல் நடுவர் குழு 100 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு விதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, இழப்பீட்டை முழுக் கைபேசிக்கும் கணக்கிட்டே ஆகவேண்டியதில்லை, அதன் ஓர் உறுப்புக்கு மட்டும் கணக்கிடவும் இடமுண்டு என்று டிசம்பர் 2016இல் தீர்ப்பாகித் திரும்பியது. பின்னர் மே 2018இல் ஏறத்தாழ 53.9 கோடி டாலர் என்று குழு முடிவு சொன்னது. அதில் மிகச் சிறு பகுதி நீங்கலாக எல்லாம் தோற்றம் பற்றிய காப்புரிமைகளுக்கே உரியது. அடுத்த மாதமே இரு நிறுவனங்களும் சமாதானமாயின. தோற்றம்தானே என்று யாரும் எளிதாகத் தள்ளிவிட முடியாது என்பதற்கு இவ்வழக்கு போதிய சான்று.

ஆனால் அதே ஆப்பிளின் தலைவராக இருந்த ஸ்டீவ் ஜாப்ஸ், 2003இல் அளித்த நேர்காணல் ஒன்றில், பொருள் எப்படிக் காட்சி தருகிறது என்பதோடு நின்றுவிடாமல் எப்படி வேலை செய்கிறது என்பதையே தாம் அச்சொல்லால் கருதுவதாகக் கூறினார். நீதிமன்றத்தில் கண்ணுக்குத் தெரிவது. நிறுவனத்தின் கொள்கையில் இயங்கும் முறை. ஒரு சொல்லுக்கு ஒரு நிறுவனமே இரு பொருள் கொள்ளும்போது, வாங்குவோர் குழம்புவதில் வியப்பில்லை.

இனி, தமிழ்ச் சொல். வடிவமைப்பு என்பது ‘வடிவு’, ‘அமைப்பு’ என்னும் இரண்டின் கூட்டு. வடிவு என்பதை ‘வடி’ என்னும் அடியோடு தொடர்புபடுத்துவர். ‘வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே’ என்னும் புறநானூற்று அடியில் (312) கொல்லன் வேலை வெறுமனே செய்வதில்லை, வடிக்கிறான். போர்க்களத்தில் பயன்படும்படி அடித்துத் திருத்தி உருவாக்குதல் அது. சிலை வடித்தல், காது வடித்தல், சோறு வடித்தல் என்று நாம் இன்றும் சொல்கிறோம்; வேண்டாதது நீங்கி வேண்டியது நிற்பது இவற்றுள் சிலவற்றில் தெளிவாகவே தெரியும். ‘அமை’ என்பதோ பொருந்துதல், நிறைவாதல். ஆகவே சொற்பொருளின்படி பார்த்தால், உருவைத் திருத்தி உறுப்புகளைப் பொருத்துவதே வடிவமைப்பு. மேலே பூப்போடுவது அன்று.

ஈழத்தமிழ் இதை இன்னும் நுட்பமாகக் காத்து வைத்திருக்கிறது. அங்கே ‘வடிவான பிள்ளை’ என்றால் அழகான குழந்தை. ‘வடிவாய்ப் பார்’, ‘வடிவாய்க் கேள்’ என்றால் நன்றாக, கவனமாக என்று பொருள். அழகும் செம்மையும் ஒரே சொல்லில் அடங்கியுள்ளன. ஜாப்ஸ் ஒரு நேர்காணலில் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்ததை யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கு விளக்கமின்றியே சொல்கிறது என்பது என் கருத்து.

இலத்தீன் வினையின் மூலப்பொருளுக்கு நேராக ஒரு சொல்லைத் தேடினால், ‘வகுத்தல்’ என்பதே முன்னே வரும். நெடுநல்வாடையில் அரண்மனைக்கு அடிப்படை போடும் காட்சியில், நட்ட இரு கோல்களின் நிழற்குறி வழுவாத நண்பகலில், ‘நூலறி புலவர் நுண்ணிதின் கயிறிட்டு’ மன்னர்க்கு ஒப்ப ‘மனை வகுத்து’ என்று வருகிறது. இங்கே புலவர் என்பார் கட்டட நூல் அறிந்தவர். குறியும் உண்டு, கயிற்றால் வரைதலும் உண்டு, பிறகு கட்டவிருப்பதை முன்னமே பகுத்து ஒழுங்கு செய்தலும் உண்டு. எனினும் இன்றைய வழக்கில் வகுத்தல் திட்டத்துக்கும் கணக்குக்கும் உரியதாகிவிட்டதால், கைபேசிக்கு அதை மீட்டுக் கொண்டுவருவது செயற்கையாகவே ஒலிக்கும். வடிவமைப்பு வேரூன்றிவிட்டது, அதுவே போதும்.

இச்சொற்களை ஐபோனின் வரலாற்றில் பொருத்திப் பார்த்தால் விவாதம் தெளிவாகிறது. 2014இல் வந்த ஐபோன் 6 வளைந்துவிடுகிறது என்ற புகார் எழுந்தது. அடுத்த ஆண்டு வந்த 6எஸ் பார்வைக்கு அச்சு அசலாக அதுவே. ஆனால் வலிமை மிக்க வேறு அலுமினியக் கலவையால் ஆன உடல், 6.9 மில்லிமீட்டருக்குப் பதிலாக 7.1 மில்லிமீட்டர் தடிமன், கூடுதல் எடை. ‘அதே டிசைன்’ என்று அன்று அலுத்துக்கொண்டவர்கள் தோற்றத்தைப் பார்த்தார்கள். வடிவமைப்பு அவர்கள் கண்முன்னே மாறியிருந்தது.

இதைவிடத் தெளிவான சான்று 2022இல் வந்த ஐபோன் 14. வெளியே 13இலிருந்து அதைப் பிரித்தறிவது கடினம். மதிப்புரைகளும் அதையே குறையாகச் சொன்னன. உள்ளேயோ கட்டுமானமே மாறியிருந்தது. ஐபோன் 8 முதல் 13 வரையிலான கண்ணாடி முதுகுள்ள கைபேசிகளில் முன்புறத் திரையைக் கழற்றித்தான் உள்ளே நுழைய முடியும். பின்கண்ணாடி உடலோடு இறுக ஒட்டப்பட்டிருந்ததால், அது உடைந்தால் பழுதுபார்ப்பவர் படும் பாடு பெரிது. 14இல் நடுவே ஒரு தாங்குதட்டு வைத்து, திரையை ஒரு பக்கமும் பின்கண்ணாடியை மறுபக்கமும் பொருத்தினார்கள். இரண்டு திருகாணிகளையும் ஓர் இணைப்பானையும் நீக்கி, ஓரத்துப் பசையை இளக்கினால் பின்கண்ணாடி தனியே கையோடு வந்துவிடும். பல ஆண்டுகளில் ஐபோன் கண்ட மிக நல்ல வடிவமைப்பு மாற்றங்களுள் ஒன்று, ‘டிசைன் மாறவே இல்லை’ என்று ஏளனம் செய்யப்பட்ட கைபேசியில்தான் நிகழ்ந்தது.

2017இன் ஐபோன் 10இல் முகப்புப் பொத்தான் போனபோதும், 2020இன் 12இல் விளிம்புகள் தட்டையானபோதும் தோற்றமும் வடிவமைப்பும் சேர்ந்தே மாறின. அவ்வாண்டுகளில் இந்த விவாதம் எழவில்லை. 2025இல் வந்த 17 புரோவிலும் அப்படித்தான். அலுமினியத்தால் ஆன ஒற்றை உடல், முதுகின் அகலம் முழுவதும் நீண்ட கேமரா மேடு, அடர்ந்த ஆரஞ்சு நிறம் என்று பார்த்தவுடன் வேறுபாடு தெரிகிறது. அந்த மேட்டைப் பலர் அழகில்லை என்கிறார்கள். அது உள்ளுறுப்புகளை மேலே ஏற்றிக் கீழே மின்கலத்துக்கு இடம் விடுவதற்காக வந்தது. அதே ஆண்டின் 5.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஐபோன் ஏரிலும் முதன்மைச் சில்லு அந்த மேட்டுக்குள்ளேதான் குடியிருக்கிறது. அழகில்லை என்பது தோற்றத்தின் மீதான தீர்ப்பு, அதைச் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. மேசைமேல் வைத்துத் தட்டினால் ஆடுகிறது என்பதோ வடிவமைப்பின் மீதான குற்றச்சாட்டு. பழைய ஐபோன்களில் கேமரா ஒரு மூலையில் மட்டும் துருத்தி நின்றதால் அந்த ஆட்டம் இருந்தது, ஆனால் அதை யாரும் ‘டிசைன்’ பேச்சில் சேர்க்கவே இல்லை.

மடிக்கும் கைபேசி வேண்டும் என்று கேட்பவர் இவ்விரண்டையும் தாண்டி மூன்றாவது ஒன்றைக் கேட்கிறார். அது வடிவம் பற்றியது. சாம்சங் 2019இல் மடிக்கும் கைபேசியைக் கொண்டுவந்தபோது மாறியது பொருளின் இனமே.

ஆகவே எழுதுவோர் இப்படி ஆளலாம் என்று பரிந்துரைப்பேன். கண்ணுக்குப் படுவது தோற்றம். துணியிலும் நகையிலும் என்றால் கோலம், வேலைப்பாடு. பொருளின் உருவம், அளவு, மடிப்பு ஆகியவை வடிவம். உறுப்புகளைத் திட்டமிட்டுப் பொருத்திப் பயனுக்கு ஏற்ப இயங்கச் செய்வது வடிவமைப்பு. அதைச் செய்பவர் வடிவமைப்பாளர். மீண்டும் முதலிலிருந்து செய்தால் மறுவடிவமைப்பு. ஐபோன் பெட்டியின் பின்புறத்தில், கலிபோர்னியாவில் ஆப்பிள் வடிவமைத்தது என்றும் இந்தியாவில் தொகுக்கப்பட்டது என்றும் அச்சிட்டிருப்பதை இந்த முறைப்படி படித்தால், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஆலையில் நடப்பது தொகுப்பு, வடிவமைப்பு அன்று என்ற வேறுபாடும் சரியாக விளங்கும். திரைப்படப் பெயர்ப் பட்டியல்களில் முன்பு ‘உடை அலங்காரம்’ என்று வந்த இடத்தில் இப்போது ‘ஆடை வடிவமைப்பு’ என்று வருவதும் இந்த வேறுபாட்டை ஒட்டியதே.

மென்பொருளுக்கும் இதே அளவுகோல் செல்லும். 2025இல் வந்த ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 26இல் திரைப் பொத்தான்களையும் பட்டைகளையும் ஒளி ஊடுருவும் கண்ணாடி போல ஆக்கி, அதைப் புதிய டிசைன் என்று ஆப்பிள் அறிவித்தது. பிடித்தது, பிடிக்கவில்லை என்று சொன்னவர்கள் அதன் திரைத்தோற்றத்தைப் பற்றிப் பேசினார்கள். பின்னணிப் படம் ஊடே தெரிவதால் எழுத்தைப் படிக்க முடியவில்லை என்றவர்கள் வடிவமைப்பைப் பற்றிப் பேசினார்கள், 26.1 பதிப்பில் கண்ணாடிக்குச் சற்று நிறமேற்றிக்கொள்ளும் தெரிவு சேர்க்கப்பட்டது இவர்களுக்காகத்தான்.