"இங்கே பாரேன்" என்று ஒருவர் கூப்பிடும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது?

ஓர் அறையில் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவள் ஜன்னலோரம் நிற்கிறாள். "இங்கே பாரேன், அந்தக் குருவி திரும்பவும் வந்துடுச்சு" என்கிறாள். சோபாவில் இருப்பவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்கிறான். சண்டை எதுவும் இல்லை. அவள் இன்னும் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

காதலைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதல் சந்திப்பும் பிரிவுத் துயரமும்தான் முன்னால் வந்து நிற்கும். எனக்கு இந்த "ம்" முக்கியமாகத் தோன்றுகிறது. உறவு வளர்வதும் தேய்வதும் பெரும்பாலும் இவ்வளவு சின்ன இடங்களில்தான்.

இதை உட்கார்ந்து எண்ணிப் பார்த்த ஒருவர் இருக்கிறார். ஜான் காட்மன் என்ற உளவியலாளர், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு சாதாரண வீடு போலவே ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். புதிதாகத் திருமணமானவர்களை அங்கே தங்கவைத்து, வழக்கம்போல இருக்கச் சொல்லி, நடந்ததையெல்லாம் கேமராவில் பதிவு செய்தார். ஒருவர் மற்றவரின் கவனத்தைச் சின்னதாகக் கூப்பிடுவதும், அதற்குக் கிடைக்கும் பதிலும்தான் அவர் தேடியவை. ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, சேர்ந்தே இருந்த தம்பதிகள் அப்படிப்பட்ட கூப்பிடல்களில் 86 சதவீதத்துக்குத் திரும்பிப் பார்த்தவர்களாக இருந்தார்கள். பிரிந்துபோனவர்களிடம் அது 33 சதவீதம்தான். திரும்பிப் பார்க்காததால் பிரிந்தார்களா, மனதுக்குள் விலகல் தொடங்கிவிட்டதால் திரும்பிப் பார்க்கவில்லையா? இந்த எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒன்றை மற்றொன்று வளர்க்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

சரி, ஒரு குருவியைப் பார்க்காமல் விட்டதற்கு உடம்பு ஏன் இவ்வளவு கணக்கு வைக்கிறது? பக்கத்தில் இருக்கும் மனிதரை நம் மூளை தன் பாதுகாப்பு ஏற்பாட்டில் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்கிறது. ஜேம்ஸ் கோன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில் இதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. திருமணமான 16 பெண்கள் ஒவ்வொருவராக எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்தார்கள். கணுக்காலில் மின்கம்பி. திரையில் ஒரு குறி தோன்றினால், சின்ன மின் அதிர்ச்சி வரலாம், வராமலும் போகலாம். அந்தக் காத்திருப்புதான் பயம். ஒரு முறை தனியாகக் காத்திருந்தார்கள், ஒரு முறை முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு முறை கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு. தெரியாதவரின் கையே மூளையின் அபாயப் பரபரப்பைக் கொஞ்சம் தணித்தது. கணவரின் கை இன்னும் அதிகமாகத் தணித்தது. உறவு எவ்வளவு நன்றாக இருந்ததோ, அந்த அளவுக்கு அமைதியும் கூடியிருந்தது.

இதன் மறுபக்கம் தனிமை. 148 ஆய்வுகளை, மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஓர் அலசல் 2010-இல் வந்தது. நல்ல உறவுகள் உள்ளவர்கள் அந்த ஆய்வுக் காலங்களின் முடிவில் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு 50 சதவீதம் கூடுதலாக இருந்தது.

காதல் என்றதும் "ஆக்சிடோசின்" என்ற ஹார்மோனின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்தக் கதை பிரெய்ரி வோல் என்ற, எலி போன்ற சின்ன விலங்கிடமிருந்து வந்தது. பாலூட்டிகளில் மிகச் சில இனங்களே நிலையான ஜோடியாக வாழ்கின்றன. இது அவற்றில் ஒன்று. இதன் மூளையில் ஆக்சிடோசினும் டோபமைன் என்ற இன்னொரு ரசாயனமும் சேர்ந்து வேலை செய்து, ஒரு குறிப்பிட்ட துணையின் வாசனையை இன்பத்தோடு முடிச்சுப் போட்டுவிடுகின்றன. ஆனால் மரபணுத் திருத்தம் மூலம் ஆக்சிடோசின் ஏற்பிகளே (அந்த ஹார்மோனை உணரும் செல் பகுதிகளே) இல்லாமல் உருவாக்கிய வோல்களும் ஜோடி சேர்ந்தன, குட்டிகளுக்குப் பால் கொடுத்தன என்று 2023-இல் தெரியவந்தது. ஆக்சிடோசினுக்கு இதில் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் "காதல் ஹார்மோன்" என்று ஒரே ஒரு ரசாயனத்தின் தலையில் மொத்தப் பாரத்தையும் ஏற்றிவைக்க முடியாது.

டோபமைனையும் பலர் "மகிழ்ச்சி ரசாயனம்" என்றுதான் தெரிந்துவைத்திருக்கிறார்கள். உண்மையில் அதன் வேலை பெரும்பாலும் "வேண்டும், இன்னும் வேண்டும்" என்று நம்மைத் தள்ளுவது. ஹெலன் ஃபிஷர் என்ற மானுடவியலாளரின் குழுவினர் 2005-இல், புதிதாகக் காதலில் விழுந்த 17 பேருக்கு அவரவர் காதலரின் படத்தைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தபோது, டோபமைன் சுரக்கும் நடுமூளைப் பகுதி விழித்துக்கொண்டது. ஒரு மெசேஜுக்காக இரவு ஒரு மணிக்கு ஃபோனைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது இதனால்தான்.

இந்த இடத்தில்தான் நம் காலத்தின் சிக்கல் இருக்கிறது. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளிடம் செய்த சோதனைகளில் ஒரு விஷயம் தெளிவானது. எதிர்பாராமல் பழரசம் கிடைத்தால் டோபமைன் நரம்பணுக்கள் துள்ளுகின்றன. ஒரு விளக்கு எரிந்ததும் பழரசம் வரும் என்று குரங்குக்குப் பழகிவிட்டால், அவை விளக்குக்குத் துள்ளுகின்றன. பழரசம் வரும்போது சும்மா இருக்கின்றன. முழுசாகத் தெரிந்துவிட்ட ஒன்றுக்கு மூளைக்குள் மணி அடிப்பதில்லை.

இப்போது அந்த சோபாவைப் பாருங்கள். அவள் குரல் அவனுக்குப் பல வருடப் பழக்கம். ஃபோனில் அடுத்து என்ன வரும் என்பதோ தெரியாது. இரண்டும் ஒரே நேரத்தில் கூப்பிடுகின்றன. அவனுக்கு அன்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அவன் மூளை எதிர்பாராததின் பக்கம் சாய்கிறது, கையில் இருக்கும் கருவி எதிர்பாராததை ஓயாமல் ஊற்றிக்கொண்டே இருக்கிறது. முந்தைய தலைமுறைகளில் செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள்தான். ஆனால் செய்தித்தாள் ஒரு கட்டத்தில் முடிந்துவிடும்.

பழகிய உறவில் அந்த மணி திரும்ப அடிக்குமா? அடிக்கும் என்பதற்குச் சான்று உண்டு. சராசரியாக 21 ஆண்டுகள் திருமண வாழ்க்கை நடத்தி, இன்னும் துணையின் மேல் தீராத காதல் இருக்கிறது என்று சொன்னவர்களை ஸ்கேன் செய்தபோது, புதுக் காதலர்களிடம் விழித்த அதே பகுதி அவர்களிடமும் விழித்தது. ஆர்தர் ஆரோன் என்ற உளவியலாளர் 2000-இல் வெளியிட்ட ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. தம்பதிகளின் மணிக்கட்டையும் கணுக்காலையும் ஒன்றாகக் கட்டிவிட்டு, ஒரு தலையணையைக் கையால் தொடாமல் இருவருமாகத் தாங்கிக்கொண்டு மெத்தை விரிப்பில் தவழச் சொன்னார். ஏழு நிமிடம்தான். சாதாரண வேலை ஒன்றைச் செய்தவர்களைவிட, இப்படித் தவழ்ந்தவர்கள் தங்கள் உறவைப் பற்றி அதிக நிறைவோடு பதில் சொன்னார்கள். பழகிய முகம் எதிர்பாராத ஒன்றைச் செய்வதைப் பார்த்திருக்கிறார்கள் அல்லவா!

ஆனால் கூப்பிடலும் பதிலும் பெரியவர்களிடம் தொடங்குபவை இல்லை. எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் 1970-களில் செய்த சோதனையில் தாய் சில மாதக் குழந்தையோடு கொஞ்சி விளையாடுகிறார். பிறகு, சொல்லிவைத்தபடி, முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது. கையை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது. முகம் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் உடம்பு துவண்டு, பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறது. சில நிமிடங்களுக்குள் இவ்வளவும் நடந்துவிடுகிறது. பார்ப்பதற்கே மனம் கனத்துப்போகும்.

இதே ட்ரானிக் பிறகு கண்ட ஒன்றை நினைக்கும்போது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. நன்றாக இருக்கும் தாயும் சேயும்கூட ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போவது சுமார் 30 சதவீத நேரம்தான். மீதி நேரம் தாய் பேசும்போது குழந்தை வேறெங்கோ பார்க்கும், குழந்தை கூப்பிடும்போது தாய் கவனித்திருக்கமாட்டார். தவறவிடுவதும் உடனே சரிசெய்துகொள்வதுமாகவே அந்த உறவு ஓடுகிறது. சோதனையின் கடைசிப் பகுதியில் தாய் மறுபடி கொஞ்சத் தொடங்குவார். குழந்தை உடனே சிரித்துவிடாது. கொஞ்சம் அழும், முகத்தைத் திருப்பும். அப்புறம் மெல்லத் திரும்பிப் பார்க்கும்.

சோபாவில் இருந்தவன் பத்து நிமிடம் கழித்து எழுந்து உள்ளே போய், "ஏதோ சொன்னியே, என்ன அது?" என்று கேட்டால் அவளும் உடனே திரும்பமாட்டாள். ஒன்றுமில்லை என்பாள். அவன் அங்கேயே நிற்பான். குருவி அதற்குள் பறந்துபோயிருக்கும். அது எந்தக் கிளையில் உட்கார்ந்திருந்தது என்று அவள் ஜன்னலுக்கு வந்து கையைக் காட்டுவாள்.