எத்தன தடவ பாக்குறீங்கன்னு நான் முதல்ல கேக்கமாட்டேன்

"டாக்டர் எனக்கு போர்ன் அடிக்‌ஷன்"னு தானே முடிவு பண்ணிட்டு வர்ற பசங்க இப்ப என் மனநல ஓபில நிறைய. யூடியூப்ல ரெண்டு வீடியோ பாத்துட்டு 90 நாள் விரதம்னு ஆரம்பிச்சு பாதியில விட்டிருப்பாங்க. விசாரிச்சா வாரத்துக்கு ஒரு தடவ, ரெண்டு தடவ, படிப்பு வேலை எல்லாம் ஒழுங்காதான் போகுது, ஆனா பாத்து முடிச்சதும் குளிச்சிட்டு வந்து சாமி படத்த நிமிர்ந்து பாக்க முடியாம அழுவாங்க. அந்த வேதனை நிஜம், அதப்பத்தி உக்காந்து பேசணும். ஆனா அதுக்கு நோய்னு பேர் வெக்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல் ஐசிடி-11, 2019ல ஏத்துக்கிட்டு 2022 ஜனவரில நடைமுறைக்கு வந்தது, அதுல 'கம்பல்சிவ் செக்‌ஷுவல் பிஹேவியர் டிஸார்டர்'னு ஒன்னு இருக்கு, அதாவது பாலியல் உந்துதல அடக்க முடியாத நோய். "இது தப்பு, பாவம்"ங்கற எண்ணத்தால மட்டுமே ஒருத்தர் வேதனப்பட்டா இந்த டயக்னோசிஸ் போடக்கூடாதுன்னு அதுலயே எழுதியிருக்காங்க. இன்னொன்னு, அவங்க இத போதைப் பழக்கங்களோட சேக்கல, உந்துதல அடக்க முடியாத பிரச்சனைகள் வரிசைலதான் வெச்சிருக்காங்க. அமெரிக்க மனநல டாக்டருங்க அவங்களோட நோய்ப் பட்டியல் டிஎஸ்எம்-5ல சேக்கவே இல்ல. அடிக்‌ஷனா இல்லையான்னு எங்க டாக்டருங்களுக்குள்ள சண்டை இன்னும் ஓடுது, எதிர்ல உக்காந்திருக்கவருக்கு அதனால ஒன்னும் ஆகப்போறதில்ல.

அப்ப நோய்னு எத சொல்றோம்? நானே பாத்த பல பேரோட விஷயத்த கலந்து ஒரு ஆளா சொல்றேன். வயசு முப்பது சொச்சம், கம்பெனில நல்ல பேரு. நைட்டு பதினோரு மணிக்கு "ஒரு பத்து நிமிஷம்"னு போன எடுத்தா விடிய நாலு மணி, ஒரு வீடியோவையும் முழுசா பாக்கறதில்ல, அடுத்தது அடுத்ததுன்னு தேடிக்கிட்டே இருக்கறது, காலைல மீட்டிங்ல கண்ணு சொருகுது, அப்பறம் ஆபீஸ் பாத்ரூம்லயும் போன். ஆப்ப டெலீட் பண்ணுவாரு, பிளாக்கர் போடுவாரு, அதுக்கு பாஸ்வேர்டும் இவருக்குத்தானே தெரியும், மறுநாள் எடுத்துடுவாரு. பொண்டாட்டி "என்ன புடிக்கலையா"ன்னு கேட்டு கேட்டு பேசறதையே விட்டுட்டாங்க. அவரு சொன்னது: "இப்பல்லாம் அதுல சந்தோஷமே இல்ல டாக்டர், ஆனா கை போகுது." இந்த மாதிரி ஆறு மாசமோ அதுக்கு மேலயோ இழுத்து, நிறுத்த நினைச்சும் முடியாம, தூக்கம் வேலை குடும்பம்னு அடி வாங்கிட்டே இருந்தா அப்பதான் அது நோய். போர்ன் மட்டும் இல்ல, முன்பின் தெரியாதவங்களோட உறவு, காசு குடுத்து போறது, ராத்திரி பூரா செக்ஸ் சாட், எல்லாம் இதுல வரும்.

நான் முதல்ல கேக்கறது, கை போறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி என்ன நடந்துச்சுன்னு. மேனேஜர் திட்டியிருப்பாரு, வீட்ல சண்டை நடந்திருக்கும், இல்ல பேச ஒரு ஆள் இல்லாத ரூம். ஒரு வாரம் நோட்டுல எழுதிட்டு வரச்சொன்னா அவருக்கே புரிஞ்சிரும். சிகிச்சையும் அங்கதான் ஆரம்பிக்குது, சிபிடி மாதிரி பேச்சு சிகிச்சை, ராத்திரி போன ஹால்ல சார்ஜ் போட்டுட்டு படுக்கறது, கூடவே டிப்ரஷனோ பதட்டமோ, கவனம் ஒரு இடத்துல நிக்காத ஏடிஹெச்டியோ இருந்தா அதுக்கு மருந்து. நால்ட்ரெக்ஸோன் மாதிரி மாத்திரையும் சிலருக்கு குடுக்கறோம், எல்லாருக்கும் இல்ல.

இதுல யாரும் பேசாத ஒரு விஷயம் இருக்கு. எழுபது வயசு பெரியவர், வாழ்க்கைல ஒரு கெட்ட பேரு கிடையாது, திடீர்னு ராத்திரி பகல்னு இல்லாம போன்ல அதையே பாக்கறாரு, மனைவிய தொந்தரவு பண்றாரு, புள்ளைங்க வெக்கப்பட்டு வெளில சொல்றதில்ல. மாத்திரை சீட்ட வாங்கிப் பாத்தா கை நடுங்கற பார்க்கின்சன் நோய்க்கு பிரமிபெக்ஸோல், இல்லன்னா ரோபினிரோல். மூளைல இருக்கற டோபமின்ங்கற ரசாயனம் மாதிரி வேலை செய்யற இந்த மருந்துங்க சிலருக்கு இப்படி பண்ணும், சூதாட்டம் கூட வரும். நியூரோ டாக்டர்ட்ட சொல்லி டோஸ குறைச்சாலோ மாத்தினாலோ பெரும்பாலும் அடங்கிடும். நீங்களா நிறுத்திடாதீங்க, அது ஆபத்து. அதே மாதிரி தூக்கமே இல்லாம, காச வாரி இறைச்சு, வாய் ஓயாம பேசறதோட சேந்து இது வந்தா மனசு அளவுக்கு மீறி பொங்கற பைபோலார் மேனியாங்கற நோயான்னு பாக்கணும். இவங்களப் போய் "வயசான காலத்துல புத்தி கெட்டுப்போச்சு"ன்னு திட்டி என்ன பிரயோஜனம்?

அப்பறம் நம்ம ஊரு லாட்ஜ் வைத்தியருங்க. "வாலிப வயோதிக அன்பர்களே"ன்னு ஆரம்பிச்சு கைப்பழக்கத்தால நரம்புத் தளர்ச்சி, ஆண்மை போச்சுன்னு பயமுறுத்தி லேகியம் வித்துட்டு போயிடுவாங்க. சுய இன்பத்தால நரம்பு தளராது. அந்த பயத்துல வர்ற பதட்டத்தாலயே விறைப்பு சரியா வராம போய், "பாத்தீங்களா அவரு சொன்னது நடந்துருச்சு"ன்னு என்கிட்ட வர்றவங்கதான் அதிகம்.

குழந்தைங்க சம்பந்தப்பட்ட வீடியோ மட்டும் வேற கணக்கு, அது குற்றம். சும்மா பாத்தேன், யாருக்கும் அனுப்பலன்னு தப்பிக்க முடியாது, நம்ம சென்னை ஹைகோர்ட் தீர்ப்ப ரத்து பண்ணி சுப்ரீம் கோர்ட் 2024 செப்டம்பர்ல இத தெளிவா சொல்லியாச்சு. அந்த மாதிரி எண்ணம் வந்து தடுமாறுறவங்க ஏதும் செய்யறதுக்கு முன்னாடியே மனநல டாக்டர பாருங்க.

மனைவிங்களுக்கு ஒன்னு, தினம் போன செக் பண்ற போலீஸ் வேலை உங்களது கிடையாது, அது உங்க தூக்கத்தையும் சேத்து கெடுக்கும். உங்க அழகுல குறைன்னும் நினைக்காதீங்க. கோவம் வரும், வரட்டும், வேணும்னா நீங்களும் தனியா வந்து பேசுங்க.

நேர்ல வர கூச்சமா இருந்தா 14416, அரசாங்கத்தோட மனநல போன் உதவி டெலி மானஸ், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரில போன், இன்டர்நெட் பழக்கத்துக்குன்னே ஷட் கிளினிக் இருக்கு. 2017 மனநலச் சட்டப்படி நீங்க சொல்றத ரகசியமா வெக்க வேண்டியது எங்க கடமை. முதல் நாள் வர்றப்ப உங்க போன் ஹிஸ்டரிய காட்டச்சொல்லி யாரும் கேக்கமாட்டோம், சாப்பிடற மாத்திரை சீட்டு இருந்தா மட்டும் எடுத்துட்டு வாங்க.