உமிழ்வுக் காரணி: காரணமா, பெருக்கும் எண்ணா?

போன வருடம் அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பெக்டரி ஊழியர்களுக்குக் காபன் கணக்கு, அதாவது தோட்டத்து வேலைகளால் எவ்வளவு பச்சைவீட்டு வாயு வெளியேறுகிறது என்ற கணக்கு, சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். பலகையில் ‘உமிழ்வுக் காரணிகள்’ என்று தலைப்பு எழுதிவிட்டு, தெரிந்ததைச் சொல்லுங்கள் என்றேன். ‘லொறிப் புகை’ என்றார் ஒருவர். ‘டிரையர் அடுப்பு’ என்றார் இன்னொருவர். ஜெனரேட்டர், உரம், குப்பை எரிப்பது என்று பலகை நிறைந்துவிட்டது. அத்தனையும் உமிழ்வுக்குக் காரணங்கள்தான். நான் எதிர்பார்த்ததோ ஓர் எண். யோசித்துப் பார்த்தால் அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. தமிழில் காரணி என்று எழுதினால் காரணம் என்றுதானே யாரும் வாசிப்பார்கள்? அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். அந்த 2.7 தான் டீசலின் உமிழ்வுக் காரணி. எரித்த அளவை அதனால் பெருக்கினால் உமிழ்வு கிடைக்கும். ஜெனரேட்டர் மாதத்துக்கு 400 லீற்றர் குடித்தால் 1080 கிலோ. கணக்கு அவ்வளவுதான்.

அந்த வகுப்பிலேயே, பெக்டரியில் தேயிலை தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் ஐயா ஒரு கேள்வி கேட்டார். ‘ஒரு லீற்றர் டீசல் ஒரு கிலோ கூட நிறுக்காதே தம்பி, அதிலிருந்து 2.7 கிலோ எப்படி வரும்?’ நல்ல கேள்வி. ஒரு லீற்றர் டீசலின் நிறை 840 கிராம் அளவில் இருக்கும். அதில் காபன் மட்டும் 730 கிராம். எரியும்போது ஒவ்வொரு 12 பங்கு காபனும் காற்றிலிருந்து 32 பங்கு ஒட்சிசனைச் சேர்த்துக்கொண்டு 44 பங்காகிறது. 730 கிராமை 44 ஆல் பெருக்கி 12 ஆல் வகுத்தால் 2.7 கிலோவை ஒட்டி வந்துவிடும். கூடுதல் நிறை காற்று கொடுத்தது. ஐயா அதைத் தன் கொப்பியில் கூட்டிப் பார்த்த பிறகுதான் தலையாட்டினார்.

இனி சொல்லின் பிறப்பு. ஆங்கிலத்தில் இது ‘எமிஷன் ஃபேக்டர்’. எமிஷன், ‘வெளியே அனுப்புதல்’ என்ற பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. வருடாவருடம் வாகனத்தைப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகிற ஓட்டுநர்கள் எல்லோருக்கும் ‘எமிஷன் டெஸ்ட்’ தெரியும். ஃபேக்டரின் கதை இன்னும் சுவையானது. ‘செய்’ என்ற இலத்தீன் வினைதான் வேர். ஃபேக்டர் என்றால் முதலில் செய்பவர். பிறகு இன்னொருவருக்காக வாங்கி விற்கும் வியாபார முகவர். அந்த முகவர்கள் தங்கிச் சரக்குச் சேர்த்து வைத்த இடம் ஃபேக்டரி. கம்பெனிக் காலத்தில் தமிழில் அதைப் பண்டகசாலை என்றார்கள். மலையகத்தில் இன்றும் தேயிலை பெக்டரியை ஸ்டோர் என்று சொல்லும் பழக்கம் இருக்கிறதே, அந்தப் பழைய பொருள் அதில் ஒட்டிக்கொண்டிருப்பதாகவே எனக்குப் படுகிறது. கணிதத்துக்குள் வந்தபோது ஃபேக்டர், ஒரு பெருக்கத்தை உண்டாக்கும் எண் ஆயிற்று. ‘எமிஷன் ஃபேக்டரில்’ இருப்பது இந்தக் கணிதப் பொருள்தான்.

இந்தக் கூட்டுச்சொல் பரவலாகப் புழங்கத் தொடங்கியபோது காலநிலை மாற்றம் பேச்சிலேயே இல்லை. புகை, தூசு, கந்தக வாயு போன்றவற்றைக் கணக்கிட அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை 1968 இல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. ஏபி-42 என்று அதற்குப் பெயர். 1972 முதல் அந்நாட்டின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் அதைத் தொடர்ந்தது. ஒவ்வொரு புகைபோக்கியிலும் கருவி பொருத்தி அளக்க முடியாதல்லவா? சிலவற்றை அளந்து, சராசரி எடுத்து, மற்றவற்றுக்கு அந்த எண்ணைப் பயன்படுத்தினார்கள். பச்சைவீட்டு வாயுக் கணக்கும் பிறகு அதே வழியில் வந்தது. ஆகவே இந்த எண் எங்கோ, யாரோ, எப்போதோ அளந்ததன் சராசரி. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தமிழில் எமிஷனுக்குச் சில சொற்கள் உண்டு. இலங்கையில் உயர்தர இரசாயனம் படித்தவர்களுக்குக் ‘காலல் நிறமாலை’ நினைவிருக்கும். கால் என்ற பழைய வினைக்குக் கக்குதல், வெளிவிடுதல் என்று பொருள். அருமையான சொல். ஆனால் வகுப்புக்கு வெளியே அதைக் கேட்டால் கை, கால்தான் ஞாபகம் வருகிறது. உமிழ்வு அப்படி இல்லை. உமிழ்நீர் எல்லோர் வாயிலும் இருக்கிறது, உமிழ் என்றால் உள்ளிருப்பதை வெளியே விடுவது என்று சின்னப் பிள்ளைக்கும் புரியும். எனவே உமிழ்வு என் தெரிவு. ‘வெளியேற்றம்’ என்று எழுதுவோரும் உண்டு. கழிவுநீர் வெளியேற்றம், லயத்திலிருந்து குடும்பத்தை வெளியேற்றுவது என்று அதற்கு வேறு வேலைகள் ஏராளம்.

சிக்கல் காரணியில்தான். காரணம், காரணி இரண்டுக்கும் வடமொழியில் ‘செய்’ என்ற பொருளுடைய வேர். ஃபேக்டருக்கும் அதே பொருள். இரண்டு மொழிகள் தனித்தனியாக ஒரே வழியில் நடந்திருப்பது வியப்பாக இருக்கிறது. ஆறின் காரணிகள் 1, 2, 3, 6 என்று பள்ளியில் படித்திருக்கிறோம், அதனால் கணிதப் பொருளும் காரணிக்கு உண்டு. ஆனாலும் வகுப்பறையை விட்டு வந்ததும் ‘வறுமைக்கான காரணிகள்’, ‘நோய்க் காரணி’ என்றே அது புழங்குகிறது. உமிழ்வோடு சேர்த்துச் சொன்னால், உமிழ்வை உண்டாக்குவது எது என்றுதான் காதில் விழும்.

நான் பரிந்துரைப்பது உமிழ்வுக் குணகம். குணித்தல் என்றால் பெருக்குதல், பழைய கணக்கில் புழங்கிய சொல். 5x இல் 5 தான் குணகம் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். டீசல் லீற்றரை x என்று வைத்தால் 2.7x இல் 2.7 குணகம். பெயரிலேயே வேலை தெரிந்துவிடுகிறது. உராய்வுக் குணகம் என்ற சொல் பௌதிகவியலில் ஏற்கனவே உண்டு, அதைப் பார்த்து யாரும் உராய்வுக்குக் காரணம் என்ன என்று கேட்பதில்லை. எந்தப் பரப்பு எதன் மேல் தேய்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும் என்றும் மாணவருக்குத் தெரியும். உமிழ்வுக் குணகமும் அப்படியே மாறும். அரசுப் படிவத்தில் உமிழ்வுக் காரணி என்று அச்சிட்டிருந்தால் அதையே எழுதுங்கள், பொருள் ஒன்றுதான். சொந்தமாக எழுதும்போது, பாடம் நடத்தும்போது குணகம் என்று சொல்லிப் பாருங்கள்.

சரி, எந்தக் குணகத்தை எங்கிருந்து எடுப்பது? டீமேக்கர்களுக்கு இதை விளக்க ஒரு சுலபமான வழி உண்டு. பச்சைக் கொழுந்து ஏறத்தாழ நாலரைக் கிலோ போட்டால் ஒரு கிலோ தேயிலை வரும். அந்த விகிதத்தை அவர்கள் அவுட்டர்ன் என்பார்கள். மழையில் நனைந்த கொழுந்து வந்த நாளில் அது மாறும். பக்கத்துத் தோட்டத்தின் வெயில் மாத அவுட்டர்னை எடுத்து, தன் தோட்டத்தின் மழை மாதத்துக்குப் போட்டால் கணக்கு என்ன ஆகும் என்று எந்த டீமேக்கருக்கும் சொல்லித்தர வேண்டாம். குணகத்துக்கும் ஊர் உண்டு, வருடம் உண்டு.

டீசலையே எடுத்துக்கொள்வோம். பிரித்தானிய அரசு வருடந்தோறும் குணக அட்டவணை வெளியிடுகிறது. டெஃப்ரா அட்டவணை என்று பலரும் சொல்வார்கள். இலவசம், தெளிவானது, அதனால் நம்மவர்களும் அதையே திறக்கிறார்கள். அதில் டீசலுக்கு இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று அந்நாட்டில் விற்கும், தாவர எண்ணெய் போன்றவற்றிலிருந்து எடுத்த உயிர் எரிபொருள் கலந்த டீசல். மற்றது கலப்பில்லாதது. முதல் வரியின் எண் 2.5 அளவில்தான் வரும். நம் ஊர் ஷெட்டில் அடிக்கிற டீசலுக்கு இரண்டாவது வரிதான் பொருந்தும். அவசரத்தில் முதல் வரியை எடுத்தால், ஒரு துளி டீசல் கூட மிச்சம் பிடிக்காமல் உமிழ்வைக் குறைத்துக் காட்டியதாகிவிடும்.

மின்சாரத்தில் இன்னும் கவனம் வேண்டும். காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஜன்னலில் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறவர்கள், ‘எங்களுக்கு வருவது தண்ணீர்க் கரண்ட்தானே, சைபர் என்று போடலாமே’ என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்பது நியாயம்தான். லக்சபான, கொத்மலை, தலவாக்கலையின் மேல் கொத்மலை என்று நாட்டின் நீர்மின்சாரத்தில் பெரும்பங்கு இந்த மலைகளில்தான் பிறக்கிறது. ஆனால் பிறந்த மின்சாரம் முழு நாட்டு மின் கட்டமைப்பில் கலந்துவிடுகிறது. அதில் நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி நிலையமும் சேர்ந்திருக்கிறது. பெக்டரிக்கு வருவது கலவை. ஆகவே நாட்டுக் கட்டமைப்பின் சராசரிக் குணகத்தையே போட வேண்டும். தோட்டத்துக்குச் சொந்தமான சிறு நீர்மின் நிலையம் ஓடி, அந்த மின்சாரத்தைத் தோட்டமே பயன்படுத்தினால் அது வேறு கணக்கு.

நாட்டுக் குணகத்தை இலங்கை நிலைபெறுதகு வலு அதிகார சபையின் வலுச் சமநிலை அறிக்கையில் பார்க்கலாம். மழை பொய்த்த வருடத்தில் அது ஏறும், ஆறுகள் நிறைந்த வருடத்தில் இறங்கும். எனவே உங்கள் அறிக்கை எந்த வருடத்துக்கோ அந்த வருட எண்ணை, அல்லது அதற்கு மிகக் கிட்டிய எண்ணை எடுங்கள். அங்கே சராசரியோடு ‘கூட்டு விளிம்பு’ வகை எண்களும் இருக்கும். அவை புதிய சூரிய மின் திட்டம் போன்ற ஒன்று எவ்வளவு உமிழ்வைத் தவிர்க்கிறது என்று மதிப்பிட உண்டாக்கப்பட்டவை. அவற்றை எடுத்து மாதாந்த மின் பட்டியலைப் பெருக்குவது நான் அடிக்கடி பார்க்கும் பிழை.

என் பார்வையில் தோட்டக் கணக்கின் கனமான இடம் உரம். யூரியாவில் 46 வீதம் நைதரசன். மண்ணில் போட்ட நைதரசனில் ஒரு சிறு பங்கு நைதரசன் ஒட்சைட்டாக (N₂O) மேலே போகிறது. நூறு வருட அளவில் பார்த்தால் அந்த வாயு காபனீரொட்சைட்டைப் போல 273 மடங்கு சூடாக்கும். உலகத்துக்குப் பொதுவாக, அந்தச் சிறு பங்கை 1 வீதம் என்று காலநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழு 2006 வழிகாட்டியில் வைத்தது. ஐபிசிசி என்று நாம் அறிந்தது அதுதான். 2019 திருத்தத்தில் ஈரப் பகுதி, வறண்ட பகுதி என்று பிரித்தார்கள். ஈரமான இடத்தில் செயற்கை உரத்துக்கு 1.6 வீதம், வறண்ட இடத்தில் 0.5 வீதம். வெப்ப மண்டலத்தில் ஆண்டுக்கு 1000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தால் ஈரப் பகுதி. மலையகத் தேயிலையில் இதற்கு மேல் வாதம் தேவையில்லை.

இரண்டு அந்தர் மூட்டை யூரியாவை, அதாவது 100 கிலோவை வைத்துப் போட்டுப் பார்த்தேன். நைதரசன் 46 கிலோ. பழைய குணகத்தில் அதில் 0.46 கிலோ போகும், ஒட்சிசனும் சேர்ந்ததும் மண்ணிலிருந்து நேரடியாகப் போகும் நைதரசன் ஒட்சைட்டு 0.72 கிலோ, காபனீரொட்சைட்டுக்குச் சமமாக மாற்றினால் 197 கிலோ. ஈரப் பகுதிக் குணகத்தில் 1.16 கிலோ, அதாவது 316 கிலோ. யூரியாவிலிருந்தே நேரடியாக வெளியேறும் காபனீரொட்சைட்டு 73 கிலோ தனி. அதே மூட்டை, அதே மலை, அதே வேலையாள். புத்தகம் மாறியதும் 119 கிலோ கூடிவிட்டது. ஒப்பிடுவதற்கு எடுத்த அடிப்படை வருடத்துக்குப் பழைய எண்ணும் இந்த வருடத்துக்குப் புதிய எண்ணும் போட்டு ஒப்பிட்டால், நிர்வாகத்தின் உழைப்பெல்லாம் வீண் என்று தோன்றும். குணகத்தை மாற்றினால் பழைய வருடத்தையும் திரும்பக் கணக்கிட வேண்டும், அதை அறிக்கையில் எழுதவும் வேண்டும்.

பணத்தை வைத்துப் பெருக்கும் குணகங்களும் உண்டு, ஒரு டொலர் செலவுக்கு இத்தனை கிலோ என்று. வேறு வழி இல்லாத உதிரிச் சாமான்களுக்கு மட்டும் பயன்படுத்தலாம். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. அந்த வருடம் ஏறிப்போன ரூபாய்ச் செலவை பழைய மாற்று விகிதத்தில் டொலராக்கிப் பெருக்கியவர்களின் காபன் கணக்கு, ஒரு ஆணி கூடுதலாக வாங்காமலே ஊதியிருக்கும்.

கடைசியாக விறகு. ஐபிசிசி அட்டவணையில் விறகுக்கு ஒரு டெராஜூல் வெப்பத்துக்கு 112 தொன் காபனீரொட்சைட்டு. நிலக்கரியை விடக் கூட. இதைக் காட்டினால் எல்லோரும் அதிர்ந்துபோவார்கள். மரம் திரும்ப வளரும்போது அந்தக் காபனை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் அந்த எண்ணைத் தனி வரியில் காட்டுவார்கள். மொத்தத்தில் சேர்ப்பது மெதேனையும் நைதரசன் ஒட்சைட்டையும் மட்டுமே. ஆனால் வெட்டிய இடத்தில் மறுபடி நட்டார்களா என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது, விறகு லொறியின் பற்றுச்சீட்டைத்தான் கேட்க வேண்டும். அட்டவணை எண் காய்ந்த விறகின் வெப்பத்தை வைத்துப் போட்டது என்பதும் முக்கியம். அன்று டீமேக்கர் ஐயா என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். மழைக்காலத்தில் வந்த யூக்கலிப்டஸ் கட்டைகள், வெட்டிய முகத்தில் நுரை தள்ளிக்கொண்டு சீறின. ‘இதுக்கும் காய்ஞ்சதுக்கும் ஒரே எண் போடலாமா?’ என்று கேட்டார். போடக்கூடாது என்றேன். அந்த வாரமே விறகுப் பதிவேட்டில் நிறைக்குப் பக்கத்தில் ஈரம் என்று ஒரு புதிய கட்டம் வந்துவிட்டது. கணக்குத் தாளில் குணகத்துக்கு நேரே அலகு, எடுத்த இடம், வருடம் என்று மூன்று கட்டங்களை அவரே பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார்.