கடற்பாலத்தில் தேயும் கிளட்ச்

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது முதல் தலைமுறை டொயோட்டா 86, மேனுவல் கியர். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை நண்பர்களோடு மலேசியாவின் செபாங் பந்தயத் தடத்துக்குப் போய் ஓட்டிவிட்டு வருவாராம். போன முறை நான்காவது கியரில் முழுக்க மிதித்தபோது எஞ்சின் சுற்று விறுவிறுவென்று ஏறியது, வேகம் ஏறவில்லை. அதாவது கிளட்ச் வழுக்குகிறது. பந்தயத்துக்கான செராமிக் கிளட்ச் போடச் சொல்கிறார்கள், போடலாமா என்று கேட்கிறார்.

கிளட்ச்சின் அமைப்பு பலருக்கும் தெரிந்ததுதான். எஞ்சினோடு சுழலும் ஃபிளைவீல், கியர்பெட்டியோடு சுழலும் உராய்வுத் தட்டு, இரண்டையும் சேர்த்து இறுக்கும் பிரஷர் பிளேட். அழுத்தும் விசை, உராய்வுக் கெழு, தட்டின் சராசரி ஆரம், உராயும் பக்கங்கள் ஆகிய நான்கையும் பெருக்கினால் அது தாங்கும் முறுக்குவிசை கிடைத்துவிடும். 5,000 நியூட்டன், 0.3, 9 சென்டிமீட்டர், 2 என்று வைத்துக்கொண்டால் 270 நியூட்டன் மீட்டர். இவருடைய எஞ்சின் தருவதோ 205. எஞ்சினை மாற்றாதவரை, நல்ல நிலையில் இருக்கும் சாதாரண கிளட்ச்சே போதும். வழுக்குகிறது என்றால் தட்டு தேய்ந்திருக்கும், அல்லது சூட்டில் மழமழத்துப் போயிருக்கும், அல்லது எண்ணெய் கசிந்து பட்டிருக்கும்.

சரி, எங்கே தேய்ந்தது? எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இங்கேதான் வருகிறது.

கார் நிற்கிறது. எஞ்சினை ஒரே சுற்றில் வைத்துக்கொண்டு கிளட்ச்சை விடுகிறீர்கள். வழுக்கும் நேரத்திலும் இரு பக்கமும் உள்ள முறுக்குவிசை ஒன்றேதான். சுழலும் வேகம்தான் வேறு. திறன் என்பது இந்த இரண்டின் பெருக்கல். எஞ்சின் பக்கம் வேகம் மாறவில்லை. கியர்பெட்டிப் பக்கமோ பூஜ்யத்திலிருந்து சீராக ஏறி எஞ்சினை எட்டிப் பிடிக்கிறது, அதாவது சராசரியாக அதில் பாதி. ஆகவே எஞ்சின் கொடுத்த ஆற்றலில் பாதிதான் காருக்குப் போகிறது. மறுபாதி தட்டில் வெப்பமாகிறது. மெதுவாக விட்டாலும் வெடுக்கென்று விட்டாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தட்டாக இருந்தாலும், பாதி பாதிதான்! முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்த அன்று என்னால் நம்பவே முடியவில்லை, மறுபடியும் போட்டேன்.

ஓட்டுநரோடு 1,300 கிலோ எடை என்று கொள்வோம். 15 கிலோமீட்டர் வேகத்தில் கிளட்ச் முழுதாகப் பிடித்தால் தட்டில் இறங்கும் வெப்பம் சுமார் 11 கிலோஜூல். பந்தயத் தொடக்கம் போல எஞ்சினை அலறவிட்டு 30-இல் பிடித்தால் 45 கிலோஜூல். வேகம் இரண்டு மடங்கு, வெப்பம் நான்கு மடங்கு. ஒரு சின்னக் கோப்பிக் கோப்பைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும்.

ஆனால் கிளட்ச் கடைசியில் முழுதாகப் பிடித்தால்தான் இந்தப் பாதிக் கணக்கு. வெள்ளிக்கிழமை மாலை, சிங்கப்பூரிலிருந்து மலேசியாவுக்குப் போகும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தை நினைத்துப் பாருங்கள். இந்தக் கார் முதல் கியரில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல், மணிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் போகும். வரிசை 2 கிலோமீட்டரில் ஊர்ந்தால் அரைக் கிளட்ச்சில், அதாவது மிதியைப் பாதி அழுத்தித் தட்டை வழுக்கவிட்டுத்தான் நகர முடியும். அப்போது தட்டுக்கு வரும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு வெப்பம், அதுவும் நிமிடக்கணக்கில். செபாங்கில் சுற்றும்போது கியர் மாற்றும் கணங்களில் மட்டுமே தட்டு வழுக்கும். என் பழைய மேனுவல் காரில் அந்தக் கருகல் வாடையை நான் முகர்ந்தது பந்தயத் தடத்தில் அல்ல, சோதனைச்சாவடி வரிசையில்தான்.

செராமிக் தட்டு அதிகச் சூட்டைத் தாங்கும், உண்மை. ஆனால் சட்டென்று கவ்வும். அதே வரிசையில் கார் குலுங்கும், குலுங்காமல் இருக்க இன்னும் அதிகம் மிதித்து வழுக்க விடுவீர்கள். என் யோசனை: முதலில் எஞ்சினின் பின்பக்கம் எண்ணெயைத் தடுக்கும் சீல் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் சாதாரணக் கார்களில் வரும், நாரும் பிசினும் கலந்த வழக்கமான ஆர்கானிக் தட்டும், கொஞ்சம் கூடுதல் இறுக்கமுள்ள பிரஷர் பிளேட்டும் போதும்.

2030 முதல் சிங்கப்பூரில் புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாம் தூய எரிசக்தி வகையாக இருக்க வேண்டும். மூன்று மிதிகள் உள்ள கார் அரிதாகிவிடும். அதற்குள் பள்ளி இயற்பியல் வகுப்புகளில் கழற்றிய கிளட்ச் ஒன்றை வைத்து உராய்வைச் சொல்லித்தர வேண்டும். மேசையில் மரக்கட்டையை இழுத்துக் காட்டினால் இந்தப் பாதிக் கணக்கு பிள்ளைகளுக்குக் கிடைக்காது.

வாசகருக்கு இன்னொன்று. புதுத் தட்டு போட்டதும் சில நூறு கிலோமீட்டர் ஊருக்குள் நிதானமாக ஓட்டிப் பழக்குங்கள். செபாங்குக்கு விடிவதற்கு முன்பே கிளம்புங்கள். வரிசையில் நின்றால் முன்னால் இரண்டு கார் இடைவெளி விழும்வரை காத்திருந்து, கிளட்ச்சை முழுதாக விட்டு நகருங்கள். பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.