காப்பகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்பவருக்கு முதல் நாளே கிடைக்க வேண்டிய தாள்

டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த்தின் சில்வர்கிளென் ஆகட்டும், வடக்கே ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி ஆகட்டும், இயற்கைக் காப்பகத்தில் வேலை கிடைத்தது என்றதும் வீட்டில் முதலில் கேட்பது சம்பளம் எவ்வளவு என்றுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எழுத்தில் என்ன தந்தார்கள்?

தென்னாப்பிரிக்காவின் 1997-ஆம் ஆண்டு அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவுப்படி, மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யும் எவருக்கும் வேலை தொடங்கும்போதே விவரத்தாள் தர வேண்டும். முதலாளியின் முழுப் பெயர், முகவரி, உங்கள் வேலை, இடம், சேர்ந்த தேதி, வேலை நேரம், சம்பளம், ஓவர்டைம் விகிதம், பிடித்தங்கள், விடுப்பு, நோட்டீஸ் காலம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். படித்துப் புரிந்துகொள்ள முடியாதவருக்கு, அவருக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சொல்வதும் முதலாளியின் கடமை. 1860-இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இங்கே கப்பலேறிய பலர், தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கைநாட்டு வைத்தார்கள். அந்த நிலை இன்று யாருக்கும் வர வேண்டியதில்லை. 'புரொபேஷன் முடியட்டும், பிறகு தருகிறோம்' என்பது சட்டத்தில் இல்லாத பேச்சு. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பதும் குற்றம்.

குறைந்தபட்சக் கூலி 2025 மார்ச் 1 முதல் மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. அந்தக் கணக்கில் வாரம் 45 மணி நேரம் வேலை செய்தால் 1,295.55 ராண்ட். இந்தத் தொகை ஆண்டுதோறும் மார்ச்சில் மாறும். காப்பகத்தில் பலர் ஏமாறுவது இங்கேதான்: குவார்ட்டர்ஸ், சாப்பாடு, வண்டி எல்லாம் தருகிறோம் என்று சொல்லிக் கூலியைக் குறைப்பார்கள். அவற்றின் மதிப்பைக் குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஈ.பி.டபிள்யூ.பி. என்ற அரசுப் பொதுப்பணித் திட்டத்தின் கீழ் களைச்செடி வெட்டச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் கூலி வேறு, 2025 மார்ச் முதல் அது மணிக்கு 15.83 ராண்டாக இருந்தது. அவர்களுடைய வேலை நிபந்தனைகளுக்கும் தனி ஆணை இருக்கிறது. அதனால் எந்தத் திட்டத்தில் உங்களைச் சேர்க்கிறார்கள் என்பதைத் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழை கொட்டி, இரண்டு மணி நேரத்திலேயே குழுவை வீட்டுக்கு அனுப்பினாலும் நான்கு மணி நேரக் கூலி தர வேண்டும். ஓவர்டைம் உங்கள் சம்மதத்தோடுதான், வாரத்துக்கு 10 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, கூலி ஒன்றரை மடங்கு. மாலை 6 முதல் காலை 6 வரை கேட்டில் நிற்பவருக்கு இரவுப் படி அல்லது நேரக் குறைப்பு உண்டு. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் போய்வர வண்டி வசதியும் இருக்க வேண்டும். ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையே 12 மணி நேர ஓய்வு அவசியம். எழுத்து ஒப்பந்தம் செய்து அதை 10 மணி நேரமாகக் குறைக்கலாம். ஆனால் அதற்கு நீங்கள் காப்பகத்துக்குள்ளேயே குடியிருக்க வேண்டும், சாப்பாட்டு இடைவேளையும் குறைந்தது 3 மணி நேரம் இருக்க வேண்டும். இடைவேளையைத் தராமல் ஓய்வை மட்டும் வெட்டுவது தவறு.

நோய் விடுப்பு முதல் ஆறு மாதத்தில் 26 வேலை நாளுக்கு ஒரு நாள். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வராவிட்டால் டாக்டர் சான்றிதழ் கேட்கலாம். காட்டுக்குள் குடியிருப்பவர் கிளினிக்குக்கு எப்படிப் போவார்? சட்டம் இதையும் யோசித்திருக்கிறது. முதலாளியின் இடத்திலேயே குடியிருப்பவரால் சான்றிதழ் வாங்க முடியவில்லை என்றால், அதை வாங்க நியாயமான உதவி செய்யாமல் சம்பளத்தை நிறுத்த முடியாது. வண்டி கேட்ட தேதியையும் யாரிடம் கேட்டீர்கள் என்பதையும் போனில் மெசேஜாகவே அனுப்பி வையுங்கள்.

பூட்ஸ், கையுறை, பாம்புக்கடிக்கு எதிரான காலுறை போல, பாதுகாப்புக்காக முதலாளி தர வேண்டிய பொருளுக்குச் சம்பளத்தில் கைவைக்க முடியாது. 1993-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. வேலையில் அடிபட்டால் இழப்பீட்டு நிதி இருக்கிறது. அதற்கான பணம் முழுவதும் முதலாளியுடையது, உங்களிடமிருந்து ஒரு சதம்கூடப் பிடிக்கக் கூடாது. விபத்தைச் சொன்ன 7 நாளுக்குள் டபிள்யூ.சி.எல்.2 படிவத்தை முதலாளி அனுப்ப வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால் வண்டி ஏற்பாடும் அவர் பொறுப்பு. வேலை செய்ய முடியாத நாள் மூன்றைத் தாண்டினால் முதல் 3 மாதம் சம்பளத்தில் 75 சதவீதத்தை முதலாளியே தந்து, பிறகு நிதியிலிருந்து வாங்கிக்கொள்வார்.

உண்ணிக்கடிதான் பலர் கோட்டைவிடும் இடம். புல்லில் நடந்து வந்த மாலை, கணுக்காலிலோ இடுப்புப் பட்டியின் கீழோ எள்ளளவில் ஒன்று ஒட்டியிருக்கும். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சலும் தலைவலியும் வரும், கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்குத் தெரியும். அதற்குள் எங்கே, என்றைக்குக் கடித்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. காய்ச்சல் வேலையால் வந்தது என்று காட்டுவது கஷ்டமாகிவிடும். அதனால் கடித்த அன்றே காயப் பதிவேட்டில் தேதியோடு எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

யு.ஐ.எஃப். என்ற வேலையின்மைக் காப்பீட்டு நிதிக்கான பிடித்தம் உங்களிடம் 1 சதவீதம், முதலாளியிடம் 1 சதவீதம். 6,000 ராண்ட் சம்பளத்துக்கு 60-உம் 60-உம். பேஸ்லிப்பில் பிடித்தம் தெரிந்தால் மட்டும் போதாது, முதலாளி அந்த நிதிக்கு அனுப்பும் யு.ஐ.-19 படிவத்தில் உங்கள் பெயர் போயிருக்க வேண்டும். ஐ.டி. எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும், வேலை போன பிறகு பணம் கேட்கப் போகும்போதுதான் அது தெரியவரும். முதல் மாதச் சம்பளம் வந்ததும் அந்தப் படிவத்தின் நகலைக் கேட்டு, எண்ணை ஐ.டி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் ஆறு மாதத்துக்குள் வேலையை விட்டு அனுப்பினால் ஒரு வார நோட்டீஸ், ஒரு வருடம் வரை இரண்டு வாரம், அதன் பிறகு நான்கு வாரம். நோட்டீஸ் தராமலோ அதற்குப் பதில் பணம் தந்தோ அனுப்பினால், குவார்ட்டர்ஸில் குறைந்தது ஒரு மாதம் இருக்க விட வேண்டும். அன்றிரவே மூட்டை கட்டச் சொல்ல முடியாது. நியாயமில்லாமல் நீக்கினால் 30 நாளுக்குள் எல்.ஆர்.ஏ. 7.11 என்ற புகார்ப் படிவத்தை நிரப்பி, வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பான சி.சி.எம்.ஏ.வில் கொடுங்கள், ஒரு பிரதியை முதலாளிக்கும் அனுப்புங்கள். கட்டணம் கிடையாது. சம்பள பாக்கி என்றால் லேபர் ஆபீஸில் புகார் தரலாம். எங்கே போனாலும் கையில் இருக்க வேண்டியவை: முதல் நாள் தந்த தாள், பேஸ்லிப்புகள், வேலை நேரம் குறித்த உங்கள் சொந்த நோட்டு.